ஜோட்டேரோவா, மெண்டலேவா?

ஆய்வேடு எழுதும் மாணவருக்கும் அவருக்கு வழிகாட்டும் ஆசிரியருக்கும் பிரவுசரில் அவசியம் இருக்க வேண்டிய நீட்சி (எக்ஸ்டென்ஷன்), மேற்கோள் விவரங்களைச் சேமிப்பது. கட்டுரையின் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் ஒரே கிளிக்கில் வந்துவிடும். இதில் பெயர்பெற்றவை, ஜோட்டேரோ, மெண்டலே என்ற மேற்கோள் மென்பொருள்களின் நீட்சிகளான ஜோட்டேரோ கனெக்டர், மெண்டலே வெப் இம்போர்ட்டர்.

இலவச இடம் என்று பார்த்தால் மெண்டலேதான் தாராளம்: 2 ஜிபி. ஜோட்டேரோ தருவது 300 எம்பி. ஆனால் அது இணையத்தில் வைக்கும் கோப்புகளுக்கு மட்டும். நம் கணினியில் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.

எழுதும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும். மெண்டலேயின் மேற்கோள் கருவி வேர்டை நம்பியது. ஜோட்டேரோ வேர்டு, லிப்ரே ஆபிஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் இயங்கும். காசு கொடுத்து வேர்டு வாங்க முடியாத மாணவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

நம் பெயர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்காமல், முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே பெட்டியில் போடும்படி ஜோட்டேரோவில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் நூல்களை மேற்கோள் காட்டுவோர் இதை முதலிலேயே பழகிவிடுவது நல்லது.

அப்புறம், மெண்டலே 2013 முதல் எல்சேவியர் பதிப்பகத்தின் சொத்து. ஜோட்டேரோ 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூல மென்பொருள். பல ஆண்டு உழைப்பில் சேரும் குறிப்புகளை நான் ஜோட்டேரோவிடம்தான் ஒப்படைப்பேன். வழிகாட்டியும் ஆய்வுக்குழுவும் ஏற்கெனவே மெண்டலேயில் இருந்தால் மட்டும், சரி, அதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.