கீபாஸ்எக்ஸ்சி கடவுச்சொல் பெட்டகம்: நான்காண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் முயற்சியை நான் கைவிட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இன்று எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவை மூன்றே: கணினியைத் திறப்பது, முதன்மை மின்னஞ்சலைத் திறப்பது, மற்ற எல்லாவற்றையும் அடக்கியிருக்கும் பெட்டகத்தைத் திறப்பது. எஞ்சிய இருநூற்றுச் சொச்சம் கடவுச்சொற்களை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கீபாஸ்எக்ஸ்சி அவற்றை உருவாக்கியது, அதுவே வைத்திருக்கிறது, தேவைப்படும் இடத்தில் அதுவே நிரப்புகிறது. மென்பொருளைப் பொறுத்தவரை என் புகார்கள் மிகச் சில. என் சிக்கல்களில் பெரும்பாலானவை, அந்த மென்பொருள் வேண்டுமென்றே என் கையில் விட்டுவைத்த வேலைகளிலிருந்து பிறந்தவை. ஆகவே இந்த மதிப்புரையில் நிரலைப் பற்றி எவ்வளவு பேச்சு இருக்கிறதோ அவ்வளவு அதைப் பயன்படுத்துபவரைப் பற்றியும் இருக்கும்.

இதன் முன்னோர், டொமினிக் ரைஷ்ல் 2003 இல் விண்டோஸுக்காக எழுதத் தொடங்கிய கீபாஸ். அதை லினக்ஸுக்குக் கொண்டுவரத் தனியாக எழுதப்பட்ட நிரல் கீபாஸ்எக்ஸ். அதன் வளர்ச்சி தளர்ந்தபோது தன்னார்வலர்கள் பிரித்தெடுத்து வளர்த்த கிளை கீபாஸ்எக்ஸ்சி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே முகத்தோடு இயங்குகிறது. கட்டற்ற மென்பொருள், கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. எல்லாக் கடவுச்சொற்களும் மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட, ஒரே ஒரு கோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும், எத்தனை பிரதிகள் வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் சேவையகம் என்று எதுவும் நடுவில் இல்லை.

அப்படி இல்லாமலிருப்பது ஏன் முக்கியம் என்பதை 2022 இல், வாடிக்கையாளர்களின் பெட்டகங்களைத் தன் சேவையகத்தில் வைத்திருக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது காட்டியது. ஆகஸ்டில் நிரலாக்கப் பிரிவுக்குள் புகுந்தவர்கள், பின்னர் மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி வழியாக முன்னேறி, வாடிக்கையாளர்களின் பெட்டகங்கள் அடங்கிய காப்புப் பிரதியையே எடுத்துச் சென்றார்கள். கடவுச்சொற்கள் மறையாக்கத்துக்குள் இருந்தன என்பது உண்மை. ஆனால் எந்தெந்தத் தளங்களில் ஒருவருக்குக் கணக்கு இருக்கிறது என்ற இணைய முகவரிப் பட்டியல் மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தது. பழைய கணக்குகள் சிலவற்றில், முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து சாவியை வருவிக்கும் கணக்கீட்டுச் சுற்றுகள், அதாவது ஊகிப்பவரைத் தாமதப்படுத்தும் படிகள், அன்றைய பரிந்துரையைவிட மிகக் குறைவாகவே விடப்பட்டிருந்தன. திருடியவர் அவசரப்பட வேண்டியதில்லை; பிரதி கையில் இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் ஊகித்துக்கொண்டே இருக்கலாம். இலட்சக்கணக்கானோரின் பெட்டகங்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பதுதான் திருடரை ஈர்க்கிறது. என் ஒற்றைக் கோப்பைத் தேடி எவரும் அவ்வளவு பாடுபட மாட்டார்கள் என்பதை நான் ஒரு பாதுகாப்பாகவே எண்ணுகிறேன், இறுமாப்பாக அல்ல.

கோப்பே திருடுபோனாலும் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் இந்த மென்பொருளின் தரம் தெரிகிறது. உள்ளடக்கத்தை ஏஇஎஸ்-256 அல்லது சாச்சா20 முறையில் மறைக்கிறது. ஆனால் மறையாக்கத்தை உடைத்து எவரும் உள்ளே வருவதில்லை, கடவுச்சொல்லை ஊகித்துத்தான் வருகிறார்கள். அந்த ஊகத்தை மெதுவாக்குவது ஆர்கான்2, அதாவது 2015 இல் முடிந்த கடவுச்சொல் சுருக்க முறைகளுக்கான பன்னாட்டுப் போட்டியில் வென்ற முறை. ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரம் மட்டுமல்லாமல் கணிசமான நினைவகத்தையும் அது கேட்பதால், ஆயிரக்கணக்கான ஊகங்களை ஒரே நேரத்தில் ஓட்டும் வரைகலை அட்டைகளின் வேகம் பெரிதும் மட்டுப்படுகிறது. பெட்டகம் திறக்க நம் கணினியில் ஏறத்தாழ ஒரு வினாடி ஆகுமாறு இயல்பாக அமைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் அதைக் கூட்டலாம். நான் சற்றுக் கூட்டிவைத்தேன்; பழைய கைபேசியில் திறக்கும்போது அந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டியதால் மீண்டும் குறைத்தேன்.

முதன்மைக் கடவுச்சொல்லைத் தேர்வதில் பலர் செய்யும் தவறு, அதைச் சிக்கலாக்க முயல்வது. ஆங்கில E இருக்கும் இடத்தில் 3, O இருக்கும் இடத்தில் சுழியம், இறுதியில் ஓர் ஆச்சரியக்குறி என்ற வித்தைகளை ஊகிக்கும் நிரல்கள் நம்மைவிட நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. கீபாஸ்எக்ஸ்சியில் உள்ள சொற்றொடர் உருவாக்கி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தற்செயலாகச் சொற்களைப் பொறுக்கித் தருகிறது. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் கிடைக்கக்கூடிய சேர்க்கைகளின் எண்ணிக்கையும் அதுவே; பகடை உருட்டியே கடவுச்சொல் அமைக்கும் பழைய முறையின் நீட்சி இது. ஒவ்வொரு சொல்லும் ஏறத்தாழ 13 பிட் அளவு ஊகிப்புச் சிரமத்தைக் கூட்டுவதால், ஏழு சொற்கள் 90 பிட்டை எட்டிவிடுகின்றன (ஒரு பிட் கூடினால் தேவைப்படும் ஊகங்கள் இரட்டிப்பாகும்). ஏழு சொற்களை வைத்து ஒரு கோமாளிக் கதை கட்டினால் இரண்டு நாளில் மனத்தில் தங்கிவிடும். இயல்பான பட்டியல் ஆங்கிலச் சொற்களால் ஆனது என்றாலும் நம் பட்டியலையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை, குறிப்பாகத் தமிழில் தட்டெழுதுபவர்களுக்கு. பதிவுகளுக்குத் தமிழில் தலைப்பிடுங்கள், குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். தேடினால் எடுத்துக் கொடுக்கும். ஆனால் முதன்மைக் கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்க நான் துணியமாட்டேன். 'கொ' என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடு) ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பைட்டுகள். விசைப்பலகைச் செயலியை மாற்றிய மறுநாள், சரியாகவே தட்டியும் பெட்டகம் திறக்காமல் விழிக்கும் வாய்ப்பை வலிய ஏன் வரவழைக்க வேண்டும்? தமிழ்ச் சொற்கள்தாம் வேண்டுமென்றால் ரோமன் எழுத்தில் தட்டலாம்.

அன்றாடப் புழக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே பாராட்டு. உலாவி நீட்சியை இணைத்துவிட்டால் உள்நுழையும் பக்கங்களில் நிரப்பித் தருகிறது. முகவரியைச் சரிபார்த்த பின்னரே நிரப்புவதால், அச்சு அசலாக ஏமாற்றும் போலிப் பக்கத்தில் அது மௌனமாக இருக்கும். அந்த மௌனம் ஒருமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நகலெடுத்த கடவுச்சொல்லைப் பத்து வினாடிகளில் நினைவிலிருந்து துடைத்துவிடுகிறது. கடவுச்சொல் கட்டத்தில் ஒட்டுவதைத் தடுத்துவைத்திருக்கும் தளங்களுக்குத் தானாகத் தட்டெழுதும் வசதி உதவுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் ஒட்டுவதைத் தடுப்பவர்கள், நீண்ட தற்செயல் கடவுச்சொற்களை வைத்திருப்பவர்களையே தண்டிக்கிறார்கள். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2017 இலேயே இந்த வழக்கம் வேண்டாம் என்று எழுதியும், நான் பயன்படுத்தும் ஒரு நிதிச் சேவையின் தளம் இன்னும் அசைந்துகொடுக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் தளங்களும் இதே வகை. காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் அதே ஆண்டில் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது.

இனி குறைக்கு வருகிறேன். கணினியிலும் கைபேசியிலும் ஒரே பெட்டகம் வேண்டுமென்றால், கோப்பை இரண்டுக்கும் இடையே கொண்டுசேர்க்கும் வேலை நம்முடையது. நான் ஒரு கிளவுட் சேமிப்பகத்தில் கோப்பை வைத்தேன். ஒருநாள் கணினியில் ஒரு கடவுச்சொல்லை மாற்றிய அதே வேளையில், இணையத்தொடர்பு இல்லாத கைபேசியில் வேறொரு கணக்கைச் சேர்த்திருந்தேன். தொடர்பு வந்ததும் சேமிப்பகம் இரண்டையும் ஏற்கத் தெரியாமல், 'முரண்பட்ட பிரதி' என்று பெயரிட்டு இரண்டாவது கோப்பு ஒன்றைச் சத்தமின்றி உருவாக்கிவிட்டது. மூன்று வாரங்கள் கழித்து, புதிய கணக்கின் கடவுச்சொல் எங்கும் இல்லை என்று தேடியபோதுதான் அந்தப் பிரதி கண்ணில் பட்டது. இரண்டு பெட்டகங்களை ஒன்றாக இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியில் இருக்கிறது, அது பிழையின்றி வேலையும் செய்தது. பதிவுகளின் பழைய வடிவங்களை வைத்திருப்பதால் எதையும் இழக்கவில்லை. எனினும் அந்தப் பொத்தானைத் தேடிச் சென்று அழுத்தியது நான்தான். சாதாரணப் பயனர் ஒருவர் அங்கே கலங்கிப்போய், பழையபடி எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல் என்ற நிலைக்குத் திரும்பியிருப்பார்.

கைபேசிக்கென இந்தக் குழுவினரின் செயலியே கிடையாது. அதே கோப்பைத் திறக்கும் பிறரின் செயலிகளை நாட வேண்டும்: ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் கீபாசியம் போன்றவை. இரண்டும் நல்லவையே, ஆனால் நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது.

சர்ச்சைகளுக்கும் பஞ்சமில்லை. 2023 இல் மூல கீபாஸில், தட்டிய முதன்மைக் கடவுச்சொல்லின் எச்சங்களை நினைவகத்திலிருந்து முதல் எழுத்து நீங்கலாக மீட்டெடுக்க முடியும் என்று கண்டறியப்பட்டு, 2.54 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. கீபாஸ்எக்ஸ்சி வேறு நிரல்மொழியில் தனியாக எழுதப்பட்டதால் அதற்கு இந்தப் பாதிப்பு இல்லை. பெயர் ஒற்றுமையால் மிரண்டவர்கள்தாம் அதிகம். அதே ஆண்டில் கீபாஸ்எக்ஸ்சி மீதே ஒரு புகார் பதிவானது: பெட்டகம் திறந்திருக்கும்போது, பழைய கடவுச்சொல்லைக் கேட்காமலேயே புதியதை அமைக்க விடுகிறது என்று. திறந்த பெட்டகத்தின் முன் அந்நியர் அமர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்துவிட்டார் என்பது உருவாக்கியவர்களின் பதில். தர்க்கப்படி அவர்கள் பக்கமே நியாயம் என்பேன். ஆனாலும் இன்னொரு முறை கேட்பதால் எவருக்கும் கை வலிக்கப்போவதில்லை.

2024 மே மாதம் டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் நடந்தது வேறு வகை. அங்கே தொகுப்பைப் பராமரிப்பவர், உலாவி இணைப்பு, இணையத்தொடர்பு ஆகிய வசதிகளை வளர்ச்சிக் கிளையின் இயல்பான தொகுப்பிலிருந்து நீக்கிவிட்டு, அவை வேண்டுவோர் தனியாக முழுத் தொகுப்பை நிறுவிக்கொள்ளட்டும் என்றார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலில் பின்கதவு, அதாவது இரகசிய நுழைவழி, கண்டுபிடிக்கப்பட்ட மார்ச் மாதத்தின் அச்சம் தணியாத நேரம் அது. நிரல் குறைந்தால் தாக்குதலுக்கான வாசலும் குறையும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்த வசதிகள் நாமே தேர்ந்தெடுத்தாலன்றி இயங்குவதில்லை. புதுப்பித்த பின் உலாவி நிரப்புதல் வேலை செய்யாதவர் என்ன செய்வார்? நகலெடுத்து ஒட்டுவார், போலிப் பக்கத்திலும் ஒட்டுவார். முகவரியைச் சரிபார்க்கும் காவலாளியை அனுப்பிவிட்டு வாசலைச் சுருக்கியதாக மகிழ்வது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையப் பயன்படும் மின்னணுச் சாவி; அதற்கான ஆதரவு 2024 இல் வந்த 2.7.7 பதிப்பில் சேர்ந்தது. பெட்டகத்தில் உள்ள பாஸ்கீயை மறையாக்கமில்லாத கோப்பாக வெளியே எடுக்க இது அனுமதிப்பதை, பாஸ்கீ தரத்தை உருவாக்கும் தரப்பைச் சேர்ந்தவர்கள் கண்டித்தார்கள். ஏமாற்றுபவர் ஒருவர் பயனரைப் பேசி மயக்கி அந்தக் கோப்பை அனுப்பச் செய்யலாம் என்பது அவர்கள் கவலை, நியாயமானதுதான். மறுபுறம், என் சாவியை நான் வெளியே எடுக்க முடியாவிட்டால் அதை வைத்திருக்கும் நிறுவனத்திடம் நான் காலமெல்லாம் குடியிருக்க வேண்டியதுதான். இரண்டு அச்சங்களில் எது பெரிது என்று கேட்டால், எனக்கு இரண்டாவதே. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான ஆறிலக்க எண்களையும் இதே பெட்டகம் தரக்கூடும். ஆனால் இரண்டு பூட்டுகளின் சாவிகளையும் ஒரே வளையத்தில் மாட்டுவது போன்றது அது என்பதால், மின்னஞ்சலுக்கும் பணம் தொடர்பான கணக்குகளுக்கும் அந்த எண்களைக் கைபேசியில் தனியாக வைத்திருக்கிறேன்.

நிறுவ விரும்புபவர்கள் தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம். 2023 இல் கீபாஸ் தளத்தின் முகவரியிலுள்ள முதல் எழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு குறி சேர்த்த போலி முகவரி, விளம்பரமாகவே ஓடி, தீநிரலை நிறுவச் செய்தது.

வாங்கியவுடன் எல்லாம் தானாக நடக்க வேண்டும், கடவுச்சொல் மறந்தால் யாரேனும் மீட்டுத்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. எல்லாம் தானாக நடப்பதை விரும்புவோருக்கு, பெட்டகத்தைச் சேவையகத்தில் வைத்துப் பேணும் பிட்வார்டன் போன்ற திறந்த மூலச் சேவை பொருந்தும். இங்கே 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற சுட்டி இல்லை. நமக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்தார் திறக்க வழிசெய்யும் ஏற்பாடும் இல்லை. அதற்காக நானே ஒன்று செய்தேன்: பெட்டகத்தின் பிரதியை ஒரு யுஎஸ்பி துண்டிலும், ஏழு சொற்களை ஒரு தாளிலும் எழுதி, உறையிலிட்டு என் தங்கையிடம் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு ஒத்திகையாக, என் உதவியின்றி அவளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சொற்கள் சரியாக இருந்தும் திறக்கவில்லை. கூடுதல் பாதுகாப்புக்காக இரண்டாண்டுக்கு முன் கடவுச்சொல்லோடு சேர்த்துக் காட்டினால்தான் பெட்டகம் திறக்கும் ஒரு சாவிக்கோப்பை நான் சேர்த்திருந்தேன். அது என் கணினியில் மட்டுமே இருந்தது. இப்போது உறைக்குள் இரண்டு யுஎஸ்பி துண்டுகள் இருக்கின்றன, தாளில் இன்னும் நான்கு வரிகள் கூடியிருக்கின்றன.