ராமநாதபுரத்தில் ஒரு மங்கலான கோடு

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு ஹூஸ்டன் திரும்பி ஒன்பது நாளாகிறது. கடல், பதநீர், தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களின் மேல் விழும் காலை வெயில் என்று எழுத எவ்வளவோ உண்டு. ஆனாலும் பேனாவை எடுத்தால், ராமநாதபுரத்து லேப் ஒன்றின் ஜன்னல் திட்டில் மூடியில்லாமல் இருபது நிமிடம் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் கண்முன் வந்து நிற்கிறது. அதில் இருந்தது என் அக்கா மகனின் சிறுநீர். அவனுடைய கப்பல் வேலையும் அதற்குள்தான் இருந்தது.

பயிற்சியை முடித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் காத்திருந்தவனுக்கு, எண்ணெய்க் கப்பல் ஒன்றில் ஏற சென்னை ஏஜென்டிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரின் தகுதிச் சான்று முன்பே கையில் இருந்தது. அது போக, போதைப்பொருள் பரிசோதனைக்குச் சிறுநீரும் தலைமுடியும் தர வேண்டும் என்று நிறுவனம் கேட்டிருந்தது. சிறுநீரைப் பக்கத்தூரிலேயே கொடுத்து அனுப்பலாம், முடிக்கு மட்டும் மதுரை போக வேண்டும் என்றார் ஏஜென்ட். கப்பல் ஏற இன்னும் பன்னிரண்டு நாள். நான் ஹூஸ்டனில் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இதே வேலையைத்தான் செய்கிறேன். எந்த ஓட்டுநர் எந்த நாள் சிறுநீர் தர வேண்டும் என்ற பட்டியல் என் மேசையில்தான் தயாராகும். ஆகவே, "மாமா, நீங்களும் வாங்க" என்று அவன் கேட்டபோது மகிழ்ச்சியோடு கிளம்பினேன்.

தேவிபட்டினத்திலிருந்து காலை முதல் பேருந்து. ஜன்னலோரம் சீமைக் கருவேலமும் உப்பளமும் மாறி மாறி ஓட, கேணிக்கரையில் இறங்கி நடந்தோம். வழியில் டீக்கடை, அதே வாளி, அதே கண்ணாடி டம்ளர். இருபது ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க இதே தெருவுக்கு வந்தது நினைவுக்கு வந்து, கொஞ்சம் நெஞ்சடைத்தது.

லேப்பில் கூட்டம் இல்லை. மேசையில் இருந்த இளைஞர் பெயரைக் கேட்டார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. ஒரு டப்பாவை நீட்டி, "பின்னாடி பாத்ரூம் இருக்கு, நல்லா தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். பையனும் இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். திரும்பி வந்து டப்பாவைக் கொடுத்ததும், அவர் அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வேறொருவருக்கு ரத்தம் எடுக்கப் போய்விட்டார். அந்தத் திட்டில் ஏற்கெனவே மூன்று டப்பாக்கள் இருந்தன. எதிலும் பெயர் இல்லை. எங்களுக்குக் கிடைத்த ரசீதில் "யூரின் – 1" என்று மட்டும் எழுதியிருந்தது.

அமெரிக்காவில் லாரி, ரயில், விமானம் ஓட்டுபவர்களுக்கு 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் பரிசோதனையை நினைத்துப் பார்க்கிறேன். கழிப்பறைத் தொட்டியில் நீலச் சாயம் ஊற்றியிருப்பார்கள், குழாய்த் தண்ணீரை அடைத்திருப்பார்கள். யாரும் சிறுநீரில் தண்ணீரைக் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. டப்பா கைக்கு வந்த நான்கு நிமிடத்துக்குள் அதன் பக்கத்தில் ஒட்டிய பட்டையில் வெப்பம் 32 முதல் 38 பாகை செல்சியசுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 45 மில்லிலிட்டரை, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே 30, 15 என்று இரண்டு குப்பிகளில் பிரித்து முத்திரையிடுவார்கள். முத்திரைத் தாளில் கொடுத்தவரே தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். அந்தச் சிறிய குப்பி எதற்கு என்றால், முதல் குப்பியில் ஏதாவது தென்பட்டதாகச் சொன்னால், தகவல் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொழிலாளி, "மற்றதை வேறு ஆய்வகத்தில் பாருங்கள்" என்று கேட்கலாம். அவருக்கென்று எடுத்து வைத்த சாட்சி அது. எங்கள் ஓட்டுநர்கள் இந்தச் சடங்கையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்வார்கள். ஆனால் அவர்களைக் காப்பாற்றுவது அதுதான் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜன்னலருகே நின்றபோது தோன்றிய ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். அந்த வெப்பப் பட்டை குளிர்சாதன அறையில் பயன்படும். வேறு யாருடைய சிறுநீரையாவது கொண்டுவந்திருந்தால் அது ஆறிப்போய்ப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும். கத்திரி வெயில் கால ராமநாதபுரத்தில் நிழலிலேயே 36, 37 பாகை அடிக்கிறது. நேற்று பிடித்து வைத்ததும் இப்போது பிடித்ததும் அந்தத் திட்டில் ஒரே சூட்டில்தான் இருக்கும். அப்படியானால் நம் ஊரில், மற்ற ஊர்களைவிட, கண்காணிப்பும் முத்திரையும்தான் எல்லாம். அவை இரண்டும் இல்லையென்றால் அந்த டப்பா யாருடையது என்று உறுதியாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

இதை அந்த இளைஞரிடம் மரியாதையாகத்தான் சொன்னேன். "நம்ம ஊர்ப் பிள்ளைதான சார், யாரு மாத்தப் போறா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் இல்லை. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டது. ஊர் முழுக்க ஒருவரையொருவர் தெரிந்த இடத்தில் முத்திரை என்பது சந்தேகப்படுவது போல் ஆகிவிடுகிறது. அந்தப் பழைய நம்பிக்கை எனக்குப் பிடிக்கும். கடன் நோட்டு இல்லாமல் மளிகை வாங்கி வளர்ந்தவன் நான். ஆனால் தாளில் எழுதப்படும் முடிவு நம் ஊரைத் தெரியாத ஒரு கப்பல் நிறுவனத்துக்குப் போகிறது. அவர்களுக்கு நம்ம ஊர்ப் பிள்ளை என்று ஒன்று கிடையாது.

அடுத்ததுதான் என்னால் மறக்க முடியாதது. சென்னைக்கு அனுப்புவதற்கு முன் "ஒரு தடவை பாத்துக்கிடுவோம்" என்று அவர் ஒரு அட்டையைப் பிரித்து டப்பாவில் நனைத்தார். ஆறு சிறு பட்டைகள் வரிசையாக உள்ள அட்டை. ஐந்து நிமிடம் கழித்துக் கூடத்தில் இருந்தவர்களெல்லாம் கேட்கும்படி, "மார்ஃபின் லேசா பாசிட்டிவ் காட்டுது" என்றார். கூடத்தில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். பையனின் முகம் வெளுத்துப்போனது. ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். அட்டையை வாங்கிப் பார்த்தேன். மேலே, அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு அடர் சிவப்பில் தெளிவாக இருந்தது. கீழே மார்ஃபினுக்கான கோடு மங்கலாக, இளஞ்சிவப்பில், ஆனால் முழு நீளத்துக்கும் இருந்தது.

கோடு தெரிந்தாலே போதைப்பொருள் இல்லை என்று பொருள். மங்கலாக இருந்தாலும் இல்லைதான். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு வந்தால் உண்டு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தோன்றும். இந்த அட்டையில் சிறுநீரில் உள்ள போதைப்பொருளும் பட்டையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பொருளும் ஒரே எதிர்ப்புரதத்துக்குப் போட்டியிடுகின்றன. சிறுநீரில் அளவுக்கு மேல் போதைப்பொருள் இருந்தால் எதிர்ப்புரதம் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ள, கோடு உருவாகாது. கோடு எவ்வளவு அடர்த்தி என்பதற்குக் கணக்கே இல்லை. அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலும் இதுதான் இருந்தது. நான் அதைப் பிரித்து அவரிடம் காட்டினேன். "லேசா" என்று ஒரு முடிவே கிடையாது. கோடு இல்லாமலே போயிருந்தாலும்கூட அது முதல்நிலைச் சல்லடை மட்டும்தான். மூலக்கூறின் நிறையைக் கொண்டு பொருளை அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் உறுதிசெய்த பிறகே யாரிடமும் பேச வேண்டும். எங்கள் ஊழியர்களுக்கு அப்படி ஒரு முடிவு வந்தால், நிறுவனத்துக்குச் சொல்வதற்கு முன், அதற்கென்றே உள்ள மருத்துவர் ஒருவர் ஊழியரைத் தனியாக அழைத்து, என்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்பார். அங்கே கூடத்தில் நின்று யாரும் கூவ மாட்டார்கள்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டது. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "தம்பி, நான் போட்ட குருமாவுலதானடா?" என்றாள். அவள் கேட்டதும்தான் எனக்கும் உறைத்தது. நான் வந்திருக்கிறேன் என்று முந்தின இரவு கசகசாவையும் தேங்காயையும் அம்மியில் அரைத்து, எனக்குப் பிடித்தபடி குருமா வைத்திருந்தாள். கசகசா அபினிச் செடியின் விதை என்பதையும், அதைத் தின்றால் ஓரிரு நாளுக்குச் சிறுநீரில் மார்ஃபின் உண்மையாகவே தென்படலாம் என்பதையும் யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அது வெறும் வதந்தி இல்லை. அமெரிக்க அரசே இதற்காகத்தான் 1998இல் மார்ஃபின் உண்டு என்று சொல்வதற்கான அளவை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியது. ஆனால் கடையில் கிடைக்கும் அட்டைகளில் 300 என்ற பழைய அளவு இன்றும் புழங்குகிறது. ஒரு கரண்டி குருமாவால் மகனின் வேலை போய்விட்டதென்று அவள் அழுதாள். கோடு இருக்கிறது, ஒன்றுமில்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வேலைக்கான பரிசோதனைக்குப் போகும் பிள்ளைகளிடம், இரண்டு மூன்று நாளைக்குக் கசகசாவும் கோடீன் கலந்த இருமல் சிரப்பும் வேண்டாம் என்று லேப்பில் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

அந்த டப்பாவை அனுப்ப வேண்டாம் என்று அங்கேயே கேட்டு, என் கண்ணெதிரில் கொட்டச் சொல்லிவிட்டிருந்தேன். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவனுடைய சிறுநீரில், இயல்பாகவே இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால், நீர்த்துப்போன மாதிரி என்று ஆய்வகம் எழுதியிருக்கும். அதைப் பார்க்கும் நிறுவனம், வேண்டுமென்றே தண்ணீர் குடித்து மறைத்தான் என்றுதான் நினைக்கும்.

குருமாவுக்குப் பின் முழுதாக மூன்று நாள் விட்டு, இரண்டையும் மதுரையிலேயே கொடுக்கப் போனோம். அங்கே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. வேலை கிடைத்தால் மொட்டை போடுவதாக அக்கா குலதெய்வத்துக்கு வேண்டியிருந்தாள். ஐந்து வாரத்துக்கு முன்புதான் முடியிறக்கினார்கள். மூன்று மாதத்து வரலாற்றைப் பார்க்கத் தலைமுடி ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளம் வேண்டும். முடி மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். பையனின் தலையில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருந்தது. மூன்று நாளைக்கு முன்பு பட்டதை நினைத்து, இங்கேயும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நான் எண்ணினேன்.

முடி எடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "கோயில் மொட்டையா தம்பி?" என்று கேட்டுவிட்டு, எங்கள் முன்பாகவே ஏஜென்டுக்குப் போன் செய்து, உடல் முடி எடுக்கலாமா என்று ஒப்புதல் வாங்கினார். கால் முடியைச் சிரைத்து எடுத்து, அதை ஒரு தாளின் மேல் வைத்து எடை பார்த்தார். மறுபடியும் கொஞ்சம் எடுத்தார். உடல் முடி வளரும் வேகம் வேறு என்பதால் எந்த மாதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும், தலைமுடி ஏன் எடுக்கவில்லை என்பதையும் படிவத்தில் அவரே எழுதிப் பையனைப் படிக்கச் சொன்னார். தலைமுடியாக இருந்தால் பின்னுச்சியில் பென்சில் தடிமனுக்குத் தோலையொட்டி வெட்டி, வேர்ப்பக்கம் ஒன்றாக வரும்படி அலுமினியத் தாளில் மடிப்போம் என்றும் சொல்லிக் காட்டினார். கடைசி ஒரு வாரத்தில் நடந்தது முடியில் தெரியாது, அதற்குத்தான் சிறுநீரும் கேட்கிறார்கள் என்று அவர் விளக்கியபோது, ஹூஸ்டனில் நான் புதிய ஊழியர்களுக்குச் சொல்லும் அதே வார்த்தைகளைத் தமிழில் கேட்டேன். முடிக்குப் பனிக்கட்டிப் பெட்டியும் வேண்டாம். எங்கள் பக்கத்து வெயிலுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீரை இரண்டு குப்பியில் அவன் எதிரிலேயே ஊற்றினார். முத்திரைத் தாளை ஒட்டிய பிறகு பேனாவை அவனிடம் நீட்டினார். கை லேசாக நடுங்க, தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டான். முத்திரைத் தாளில் இருந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

புறப்படும் முன் ராமநாதபுரத்து லேப்பின் உரிமையாளரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். கோபப்படாமல் கேட்டார், அட்டைப் பெட்டியில் உள்ள தாளைத் தமிழில் எழுதி மேசையில் ஒட்டுவதாகவும், முத்திரைத் தாள் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பதாகவும் சொன்னார். மேசையில் இருந்த இளைஞர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "அன்னைக்கு அப்படிக் கத்திச் சொல்லியிருக்கக் கூடாது சார்" என்றார். கடைத்தெரு ஓரம் அவரோடு நின்று இளநீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ஏஜென்ட் அறிக்கையை அனுப்பினார். இரண்டிலும் எதுவும் இல்லை. பையன் முடிவைப் படிப்பதற்கு முன், சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து, போன் திரையில் இருந்த முத்திரை எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக வைத்துப் பார்த்தான். பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டான்.