ஸ்ப்ளெண்டருக்கு 3 ஏ.எச். பேட்டரி: பெட்டி விலையும் மாதக் கணக்கும்

நூறு சி.சி. பைக்குக்குப் பேட்டரி மாற்றப் போகிறவர்களில் பலர் கடையில் விலையை மட்டும் கேட்டுவிட்டு, நூறு இருநூறு ரூபாய் குறைவாகச் சொல்லப்படும் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மலிவான பேட்டரி எது என்பதை அந்த விலை சொல்லாது. பழுதானால் காசு வாங்காமல் மாற்றித் தருவதாக நிறுவனம் எழுத்தில் தரும் மாதங்களால் விலையை வகுத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும் என்பது என் உறுதியான கருத்து. என்னுடைய ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் வண்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே எக்சைட் எக்ஸ்ப்ளோர் வரிசையில் 3 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், அதாவது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் அளவு) பேட்டரியை வாங்கினேன். அமரான் ப்ரோ பைக் ரைடரையும், விலை குறைந்த உள்ளூர்த் தயாரிப்பு ஒன்றையும் அப்போது அதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த ஒப்பீடும், வாங்கிய பிறகான அனுபவமும் இங்கே.

கடைக்குப் போவதற்கு முன் பழைய பேட்டரி உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ரிலே சத்தம் மட்டும் கேட்டு எஞ்சின் சுற்றாவிட்டால், பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் டெர்மினல் தளர்ந்திருந்தாலும், எர்த் ஒயர் இணைப்பில் துரு ஏறியிருந்தாலும், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் அறிகுறி ஏறத்தாழ இதேதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் இந்தச் சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கும்போது 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் செய்த பிறகும் 10.5 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று இறந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி, செல்ஃப் அழுத்திய கணத்தில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அதன் கொள்ளளவு தேய்ந்துவிட்டது. அதை எத்தனை முறை சார்ஜ் போட்டாலும் பயன் இருக்காது.

இரண்டாவது சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் புதிய பேட்டரியின் ஆயுள் அதைப் பொறுத்தே அமைகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை ஓரளவு முறுக்கிய நிலையில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். அளவு ஏறவே இல்லை என்றால் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலோ, மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்லும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரிலோ, இடையில் உள்ள ஒயரிலோ கோளாறு இருக்கிறது. 15 வோல்ட்டைத் தாண்டிப் போனால் அந்த யூனிட் கட்டுப்பாடு இல்லாமல் மின்சாரத்தை உள்ளே தள்ளுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் எவ்வளவு நல்ல பேட்டரியை மாட்டினாலும் உப்பிப் போய்விடும். வண்டியின் மின்கோளாறால் கெட்ட பேட்டரியை வாரண்டியில் ஏற்க மாட்டோம் என்று நிறுவனங்களின் நிபந்தனைகளில் எழுதியிருப்பதால், இந்தச் சோதனையைச் செய்யாதவர் வாரண்டியையும் சேர்த்தே இழக்க நேரிடும்.

அடுத்தது அளவு. ஒரே பெயரில் விற்கும் வண்டிக்கும் வருடத்தைப் பொறுத்துப் பேட்டரி மாறும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அதன் முந்தைய தலைமுறையில் 14 ஏ.எச். பேட்டரி வந்தது, 2021இல் வந்த புதிய தலைமுறையில் 8 ஏ.எச். போதுமானதாகிவிட்டது. ஆகவே வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது. நீள அகல உயரத்தோடு, பிளஸ் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் அந்தக் குறியீட்டில் அடங்கும். பக்கம் மாறினால் ஒயர் எட்டாது. எட்டவைக்க ஒயரை இழுத்து நீட்டினால் பிறகு ஷார்ட் ஆகும். பெட்டிக்குள் அடங்கும் என்றால் சற்றுக் கூடுதல் ஏ.எச். போடுவதில் தவறில்லை. விலைக்காக ஏ.எச். குறைப்பதை மட்டும் செய்யக் கூடாது. 12 வோல்ட் 3 ஏ.எச். என்பதே மொத்தம் 36 வாட்-ஹவர்தான். எஞ்சின் ஓடாமல் 35 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றை எரித்தால் கணக்குப்படி ஒரு மணி நேரம், நடைமுறையில் அதுகூடத் தாங்காத சேமிப்பு அது. அதிலும் குறைத்துக்கொண்டு செல்ஃப் மோட்டாரைச் சுற்றச் சொல்வது நியாயமில்லை.

வகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசிட் நிரப்பி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரிக்கும் பழைய வகைப் பேட்டரி இன்னும் கிடைக்கிறது, விலையும் குறைவு. மாதம் ஒரு முறை பக்க மூடியைக் கழற்றி நீர்மட்டத்தைப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது கெட்ட தேர்வன்று. ஆனால் நம் ஊர்க் கோடை வெயிலில் நீர் விரைவாகக் குறையும், தகடு வெளியே தெரிந்துவிட்டால் அந்தப் பகுதி மீளாது, ஆசிட் ஆவி வெளியேறும் குழாய் கழன்றால் சேஸிஸ் அரிக்கும். வி.ஆர்.எல்.ஏ. என்னும் மூடிய வகையில் இந்தத் தொல்லைகள் இல்லை என்பதால், வேலைக்குப் போய் வரும் வண்டிக்கு அதையே பரிந்துரைக்கிறேன். லித்தியம் பேட்டரிகள் எடை குறைந்தவை, ஆனால் விலை பல மடங்கு; நூறு சி.சி. வண்டிக்கு அது தேவையற்ற செலவு.

இனி விலைக் கணக்கு. நான் வாங்கிய பேட்டரியின் அட்டையில் 24 + 24 என்று 48 மாத வாரண்டி அச்சிட்டிருக்கிறது. இதை நான்கு வருட வாரண்டி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மையில் முதல் 24 மாதத்துக்குள் பழுதானால்தான் இலவசமாக வேறு பேட்டரி கிடைக்கும். அடுத்த 24 மாதத்தில், கழிந்த காலத்தைப் பொறுத்து விலையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு புதியதைத் தருவார்கள். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்தக் கழிவு எம்.ஆர்.பி.யின் மேல் கணக்கிடப்படுகிறது. கடைகளிலோ பேட்டரியை எம்.ஆர்.பி.யை விடக் குறைத்தே விற்கிறார்கள். அதனால் மூன்றாம் நான்காம் வருடங்களில் எம்.ஆர்.பி.யில் இருபது முப்பது சதவீதம் கழித்துக்கொண்டு வாங்குவதற்கும், அதே பேட்டரியைக் கடையில் பேரம் பேசிப் புதிதாக வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. புதிதாக வாங்கினால் வாரண்டியும் முதலிலிருந்து தொடங்கும். கழிவில் வாங்கும் பேட்டரிக்கு அது தொடங்குமா, பழைய வாரண்டியில் மிச்சம் இருப்பதுதானா என்பதை அட்டையில் படித்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படிப் பார்த்தால், 1,200 ரூபாய்க்கு 24 மாத இலவச மாற்றுத் தரும் பேட்டரி மாதத்துக்கு 50 ரூபாய் ஆகிறது. 750 ரூபாய்க்கு 6 மாத வாரண்டியோடு கிடைக்கும் உள்ளூர்ப் பேட்டரி மாதத்துக்கு 125 ரூபாய். உள்ளூர்ப் பேட்டரி ஆறு மாதத்தில் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சில ஒன்றரை வருடம் கூட ஓடுகின்றன. ஆனால் அது எவ்வளவு காலம் ஓடும் என்ற பொறுப்பைத் தயாரித்தவர் ஏற்காமல் வாங்கியவர் தலையில் வைத்துவிடுகிறார் என்பதே அந்த விலைக் குறைவின் பொருள். இந்தக் கணக்கில் எக்சைடுக்கும் அமரானுக்கும் இடையே எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை, இரண்டும் வி.ஆர்.எல்.ஏ., இரண்டின் வாரண்டியும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. நான் எக்சைடை எடுத்ததற்கு ஒரே காரணம், அன்று அந்தக் கடையில் அதுவே புதிய சரக்காக இருந்தது என்பதுதான். எக்சைட் குழுமத்தின் இன்னொரு பெயரான எஸ்.எஃப். சோனிக்கையும் இதே கணக்கில் பார்க்கலாம். சற்று விலை குறைவாகக் கிடைக்கும் இடங்களில் அட்டையின் முதல் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

புதிய சரக்கு என்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பேட்டரி அலமாரியில் சும்மா இருக்கும்போதும் மின்சாரத்தை மெல்ல இழந்துகொண்டே இருக்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்பட இருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் முழுக் கொள்ளளவு திரும்புவதில்லை. வெப்பம் கூடக் கூட இது விரைவாக நடக்கும் என்பதால், தகரக் கூரைக்குக் கீழே மே மாதம் முழுவதும் கிடந்த பேட்டரி பெட்டி பிரிக்காததாக இருந்தாலும் புதியது ஆகாது. தயாரிப்பு மாதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதென்றால் வேறு கேட்க வேண்டும். கடைக்காரரின் மீட்டரிலேயே 12.6க்குக் குறையாமல் காட்டச் செய்ய வேண்டும். பேட்டரிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய எம்.ஆர்.பி. மட்டும் அச்சிட்ட பெட்டியை நீட்டினால், அது எந்தக் காலத்துச் சரக்கு என்பது கேட்காமலேயே தெரிந்துவிடும். சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற, நாள்தோறும் விற்பனை ஓடும் இடங்களில் சரக்கு தேங்குவது குறைவு. தெருமுனை ஸ்பேர்ஸ் கடையில் வாங்குவது தவறென்று சொல்லவில்லை. அங்கே தேதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். ரீகண்டிஷன் செய்த பேட்டரி என்று பாதி விலைக்குத் தருவதை எந்த நிலையிலும் வாங்க வேண்டாம். சல்பேட் படிந்த தகட்டின் மேல் புது ஆசிட் ஊற்றித் தருவதைத் தவிர அதில் பெரும்பாலும் வேறு எதுவும் நடப்பதில்லை.

வாங்கிய எக்ஸ்ப்ளோர் பேட்டரி பெட்டியில் சரியாக உட்கார்ந்தது. உடன் வந்த நட்டும் போல்ட்டும் பொருந்தின. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது முதலில் பிளஸ் என்ற வரிசையைப் பின்பற்றி, முனைகளில் சிறிது வாசலின் தடவி முடுக்கினேன். காலையில் முதல் செல்ஃபிலேயே எஞ்சின் எடுக்கிறது. மழைக்காலத்திலும் அதில் மாற்றமில்லை. ஹாரன் ஒலி எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் தணிவதில்லை, இண்டிகேட்டர் ஒரே சீராக மின்னுகிறது. ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நின்ற பிறகும் செல்ஃப் எடுத்தது. இந்தச் சிறிய கொள்ளளவுக்கு அது நிறைவளிக்கும் செயல்பாடு. குறை என்று சொல்ல வேண்டுமானால், வாரண்டி அட்டையின் எழுத்துகள் மிகச் சிறியவை, நிபந்தனைகள் தமிழில் இல்லை. தமிழ்நாட்டில் இவ்வளவு விற்கும் பொருளுக்கு அந்த மரியாதையைச் செய்திருக்கலாம்.

மூடிய பேட்டரியைச் சார்ஜ் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 3 ஏ.எச். பேட்டரிக்கு 0.3 ஆம்ப் அளவில் பத்து மணி நேரம் என்பதே பாதுகாப்பான கணக்கு. கார், லாரி பேட்டரிகளோடு சேர்த்து இரவு முழுவதும் சார்ஜில் போட்டுத் தரும் கடையில் இதைக் கொடுத்தால், அதன் பத்து மடங்கு மின்னோட்டம் உள்ளே போய்க் காலையில் உப்பிய பேட்டரிதான் கையில் கிடைக்கும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை எரிபொருள் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. பெட்ரோல் பம்புக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு.வுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பல வண்டிகளில் கிக்கரை உதைத்தும் பயனிருக்காது. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் பலவீனமான பேட்டரியோடு சில மாதம் தள்ளிவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர் அந்த வழியை நம்ப வேண்டாம். அவர்களுக்கு விலை குறைந்த உள்ளூர்ப் பேட்டரியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இன்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. காயலான் கடையில் சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கே அதை உடைத்து ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்கும்போது, அந்தத் தெருக் குழந்தைகளின் உடம்பில்தான் ஈயம் ஏறுகிறது. எனக்குப் பழைய பேட்டரிக்கான தொகையைக் கழித்து, அதை ரசீதில் தனி வரியாக எழுதித் தந்தார்கள். பேட்டரியின் வரிசை எண், வாங்கிய தேதி, கடை முத்திரை ஆகிய மூன்றும் வாரண்டி அட்டையில் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, அதையும் ரசீதையும் கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதின் மை ஒரே வருடத்தில் மங்கிவிடுகிறது, இலவச மாற்று வாரண்டியோ இரண்டு வருடத்துக்கு இருக்கிறது.