தேவதாரு பீரோ: வாசனைக்கு நூறு, டிராயருக்கு முட்டை

போன வாரம் ஆசாரி வந்து எங்கள் தேவதாரு பீரோவின் கீழ் டிராயரைச் சரிசெய்து கொடுத்தார். அதனால்தான் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். ஐப்பசியில் எழுதியிருந்தால் வசவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீடு கோவைக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து மோதுகிற பக்கம். ஆடியில் ஈரக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை, பங்குனியில் உதடு வெடிக்கிற வறட்சி. மரம் இத்தனைக்கும் உப்பியும் சுருங்கியும் ஆடும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். டிராயர் முகப்பில் ரேகை, அதாவது நார் ஓடும் வரி, படுக்கையாக ஓடுவதால், மழைக்காலத்தில் முகப்பு மேல்நோக்கி உப்பிச் சட்டத்தைக் கவ்விக்கொள்கிறது. வேகமாக இழுத்தால் கைப்பிடி மட்டும் கையோடு வரும். வந்தும் இருக்கிறது, உள்ளே ரேஷன் கார்டு மாட்டியிருந்த நேரத்தில்.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், ஸ்ரீநகர் தால் ஏரியில் படகு வீடுகளைக் கட்டியிருப்பது இதே தேவதாருவில்தான். தண்ணீரிலேயே கிடக்கிற மரத்துக்கு எங்கள் ஊர்த் தூறல் ஆகவில்லையாம்! ஆசாரியிடம் பொரிந்தேன். "அழுகறது வேறைங்க, உப்பறது வேறைங்க. எண்ணெய் இருக்கறதால அழுகாது. ஈரம் குடிக்காதுன்னு யாருங்க சொன்னது?" என்றார். அப்போதே சீவிவிடச் சொல்லி நச்சரித்தும் இழைப்புளியை எடுக்கவில்லை. உப்பியிருக்கும்போது சீவினால் பங்குனியில் இடுக்கில் விரல் போகுமாம். தை பிறக்கட்டும் என்றுவிட்டார். இப்போது மேல் விளிம்பில் மெல்லிசாக ஒரு சீவு, அந்த விளிம்புக்கு இரண்டு கை வார்னிஷ், ஓடுகிற சட்டத்தில் மெழுகுவத்தித் தேய்ப்பு. வேலை அவ்வளவுதான். விற்ற கடைக்காரர் முகப்பை மட்டும் பளபளவென்று பாலிஷ் போட்டுவிட்டு விளிம்பையும் முதுகையும் பச்சையாக விட்டிருந்தார். ஈரம் ஏறிய வழி அதுதான். கண்ணில் படாத இடத்துக்கு யார் செலவு செய்வார்கள்!

சரி, வாசனைக்கு வருவோம். இங்கே என் கோபம் செல்லாது. கதவைத் திறந்ததும் வரும் மணம் அறையையே மாற்றிவிடும். துவைத்து வைத்த வேட்டி விசேஷத்துக்கு எடுத்து வைத்தது போல இருக்கும். வீட்டில் அந்துருண்டை வாங்குவதையே நிறுத்திவிட்டோம். நாளாக நாளாக மணம் மங்கும், மேல்பரப்பின் எண்ணெய் ஆவியாகிவிடுவதால். நைசான உப்புத்தாளால் ரேகையோடு லேசாகத் தேய்த்தால் மறுபடி கிளம்பிவிடும். அதனாலேயே உள்பக்கப் பலகைக்கு மட்டும் வார்னிஷ் ஆகாது.

பூச்சியே அண்டாது என்று விற்பவர் சொல்வதைப் பாதிதான் நம்பலாம். தேவதாரு போன்ற செடார் மரங்களின் எண்ணெய் ஓரளவு தடுப்பது கம்பளியையும் பட்டுத்துணியையும் தின்னும் அந்துப்பூச்சியின் இளம் புழுக்களை. கோயம்புத்தூரில் எத்தனை பேரிடம் கம்பளி இருக்கிறது? நம் வீட்டு எதிரிகள் துணியையும் தாளையும் அரிக்கும் இராமபாணப் பூச்சியும் கரையானும். மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியைக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது, அதைச் சுற்றியுள்ள வெளிறை விடாது. இன்னொரு தொல்லை, கோடையில் கணுக்களில் கசியும் பிசின். மனைவியின் பட்டுப்புடவையில் மஞ்சள் கறை பட்டு, அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சில்லை. இப்போது தட்டுகளில் பழைய வேட்டியை விரித்துத்தான் துணி அடுக்குகிறோம்.

மென்மையான மரம் என்பதையும் சொல்ல வேண்டும். சாவிக்கொத்து உரசினால் பள்ளம். பாலிஷ் இல்லாத இடமாக இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுங்கள், அழுந்திய நார் எழும்பிவிடும். பாலிஷ் போட்ட இடத்தில் அதைச் செய்தால் வெள்ளை பூக்கும்.

திருப்பூர் மச்சான் மகள் கல்யாணச் சீருக்கு இதே போல எடுக்கலாமா என்று கேட்டார். மரத்தை இவ்வளவு புகழ்ந்தவன் வேண்டாம் என்றேன். சீர் பீரோவை ஊரே திறந்து பார்க்கும், இழுத்துப் பார்க்கும். முதல் மழையில் டிராயர் மாட்டினால் சம்பந்தி வீட்டில் நம் பெயர்தான் அடிபடும். தேக்கில் போடுங்கள் என்றேன். "அப்ப உங்களுதை வித்துருவீங்களா மச்சான்?" என்றார். அது எப்படி விற்பது?

மனுஷன் கேட்கவில்லை, செடார்தான் வேண்டுமாம். அப்படியானால் எந்த மரம் என்று கேளுங்கள் என்றேன். இமாச்சல் தேவதாருவும் செடார்தான், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சந்தன வேம்பும் கடையில் சிவப்பு செடார்தான். பின்னது வேம்புக் குடும்பம், மரம் சிவப்பாக இருக்கும். தேவதாரு மஞ்சள் கலந்த பழுப்பு. வெளுத்த வெளிறுப் பலகை கலந்திருந்தால் தள்ளிவிடுங்கள். விளிம்புக்கும் முதுகுக்கும் பாலிஷ் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முக்கியமாக, டிராயரே வேண்டாம், தட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.