கறுப்பு வெள்ளைக் கூடாரத்தில் ஒரு சேவல்கட்டு: 'தி நைட் சர்க்கஸ்'

இந்தப் புத்தகத்தைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தவறுவது அலமாரியில்தான். இளையோருக்கான மாயாஜாலக் கதை என்று கேள்விப்பட்டு நேரே 'யங் அடல்ட்' பகுதிக்குப் போய்த் துழாவிவிட்டு, கையிருப்பு இல்லை போலிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். எரின் மார்கன்ஸ்டெர்ன் எழுதி 2011இல் வெளிவந்த 'தி நைட் சர்க்கஸ்' பெரியவர்களுக்கான நாவலாகத்தான் விற்பனைக்கு வந்தது. பெரியவர்களுக்கு எழுதப்பட்டு 12 முதல் 18 வயதினரையும் இழுக்கும் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் அலெக்ஸ் விருது 2012இல் இதற்குக் கிடைத்தது. கோலாலம்பூர் கேஎல்சிசியின் கினோகுனியா புத்தகக் கடையோ வேறு கடையோ, பொதுப் புனைவு அடுக்கில் 'எம்' எழுத்தின் கீழும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்த தவறு, பின்னட்டையை நம்புவது. இரண்டு மந்திரவாதிகள், ஒரு போட்டி என்றதும் கோல் நீட்டி மின்னல் வீசும் சண்டையை எதிர்பார்த்தால் நூறு பக்கத்துக்குள் ஏமாற்றம்தான். இங்கே நடப்பது சேவல்கட்டு. சண்டை சேவல்களுடையது, பந்தயமோ கோட்டுக்கு வெளியே நிற்கும் இரண்டு கிழவர்களுடையது. ஒருவர் மேடையில் 'பிராஸ்பெரோ' என்ற பெயரில் வித்தை காட்டும் ஹெக்டர் போவன். இன்னொருவர் சாம்பல் நிற உடுப்பு அணிந்த, நிழல்கூட விழாத ஆசாமி. யாருடைய பாடமுறை உயர்ந்தது என்ற பழைய வழக்கைத் தாங்களே மோதித் தீர்த்துக்கொள்ளாமல் ஆளுக்கு ஒரு பிள்ளையை வளர்த்துக் களத்தில் இறக்குகிறார்கள்.

கதை 1873இல், நியூயார்க்கில் தொடங்குகிறது. தாயை இழந்த சிறுமி சீலியாவைக் கொண்டுவந்து தகப்பன் ஹெக்டரிடம் விடுகிறார்கள், அவள் மேல்கோட்டில் ஒரு கடிதம் குத்தியிருக்க. அவள் கோபத்தில் முறைக்க, மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை நொறுங்குகிறது. அவன் பார்க்க, அது பழையபடி சேர்ந்துகொள்கிறது. அப்போதுதான் அவனுக்கு மகள் மேல் அக்கறையே வருகிறது. பிறகு அவன் நடத்தும் பயிற்சியில் மகளின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கீறுவதும் உண்டு. பத்தையும் ஒரே நேரத்தில் ஆற்றும் வரை விடுவதில்லை. எதிர்த்தரப்பில் லண்டன் அநாதை இல்லத்திலிருந்து எடுக்கப்பட்ட மார்கோ. அவன் பயிற்சியில் ரத்தம் இல்லை, புத்தகம்தான். குறியீடு, எழுத்து, குறிப்பேடு, தனிமை. ஒருத்திக்கு உடம்பே கருவி, ஒருவனுக்குக் காகிதமே கருவி. இரண்டு பள்ளிகளும் இப்படித் தெளிவாகப் பிரிக்கப்பட்டிருப்பதுதான் நாவலின் மிக உறுதியான பகுதி. பிற்பாடு எந்தக் கூடாரத்தைப் பார்த்தாலும் இது யார் கைவேலை என்று வாசகர் ஊகிக்க முடிவது இதனால்தான்.

களம், ஒரு சர்க்கஸ். 1886 அக்டோபர் 13ஆம் தேதி இரவு லண்டனில் திறக்கிறது. இருட்டியதும் திறந்து விடிந்ததும் மூடும். அறிவிப்பில்லாமல் வந்து நிற்கும், சொல்லாமல் கிளம்பிவிடும். புதன்கிழமை கோலாலம்பூரின் தாமான் கானாட் பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போய்ப் பழகியவர்களுக்கு இந்த மயக்கம் புதிதல்ல: பகலில் வெறும் தார்ச்சாலை, இரவில் வேறு ஊர், மறுநாள் காலையில் தடயமில்லை. நம் பழந்தமிழில் பகல் சந்தையான நாளங்காடிக்குப் பக்கத்திலேயே இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று ஒரு சொல்லும் இருக்கிறதே. மார்கன்ஸ்டெர்ன் செய்திருப்பது, அந்த அல்லங்காடியின் எல்லா நிறத்தையும் துடைத்துவிட்டுக் கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்தது. இந்த ஒரு கட்டுப்பாடு எவ்வளவு வேலை செய்கிறது என்பது சர்க்கஸின் ரசிகர் கூட்டம் வரும்போது தெரியும். அவர்கள் கறுப்பு வெள்ளை உடையில் வந்து சிவப்புக் கழுத்துத்துணி ஒன்றைச் சுற்றிக்கொள்கிறார்கள். பக்கம் முழுக்க நிறமில்லாமல் வாசித்து வந்த கண்ணுக்கு அந்தச் சிவப்பு சுளீரென்று படுகிறது.

ஆட்டம் நடக்கும் விதம் இது: ஒருவர் ஒரு கூடாரம் எழுப்புவார், மற்றவர் பதிலுக்கு இன்னொன்று. பனிக்கட்டியால் ஆன தோட்டம், மேகப் புதிர்வழி, வேண்டுதல் மரம். அந்த மரத்தில் புது மெழுகுவத்தியை ஏற்கெனவே எரியும் ஒன்றிலிருந்துதான் கொளுத்த வேண்டும், அதாவது உங்கள் வேண்டுதல் முன்பின் அறியாத இன்னொருவரின் வேண்டுதலிலிருந்து பற்றிக்கொள்கிறது. ஒரு வரி விவரம்தான். ஆனால் புத்தகத்தின் காதல் வசனங்கள் மொத்தத்தையும்விட இது கனமாக நிற்கிறது. வரும் கூட்டம் இதையெல்லாம் செப்படி வித்தை என்று நம்பிக் கைதட்டிவிட்டுப் போகிறது. உண்மை மந்திரத்தைக் கண்கட்டு வித்தை போல நடித்துக் காட்டுவதுதான் இந்த உலகின் நகைமுரண்.

கோளாறு எங்கே? போட்டியின் விதிகளைப் போட்டியாளர்களுக்கே சொல்வதில்லை. எப்போது முடியும், யார் நடுவர், எதற்குப் புள்ளி, ஒன்றும் தெரியாது. கிழவர்கள் கொடுமைக்காரர்கள் என்று காட்ட இது நல்ல உத்தி. ஆனால் விலை வாசகர் கொடுக்கிறார். ஆபத்து என்னவென்று தெரியாமல் பதற்றம் வராது. சீலியா சர்க்கஸோடு ஊர் ஊராகப் போகிறாள், மார்கோ முதலாளி சந்திரேஷின் உதவியாளனாக லண்டனில் இருக்கிறான் (பெயர் நமக்குப் பழக்கமானது, ஆள்தான் முழு ஐரோப்பியப் பிரபு போல நடந்துகொள்கிறான்). இருவரும் நேருக்கு நேர் பேசவே புத்தகத்தில் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. அதனால் நடுப்பகுதி தொய்கிறது. விருந்து, உடை, கடிகாரம், மறுபடி விருந்து. விதி என்னவென்று ஒரு வழியாகத் தெரியவரும் இடத்தில் கதை நிமிர்ந்து உட்காருகிறது. அந்த உண்மையை இங்கே போட்டு உடைக்கவில்லை. ஆனால் அதை ஐம்பது பக்கம் முன்னால் வைத்திருந்தால் இது வேறு தரத்து நாவலாகியிருக்கும்.

காதலும் அப்படித்தான். இருவரும் எழுப்பும் கூடாரங்கள் பேசும் அளவுக்கு அவர்கள் வாய் பேசுவதில்லை. ஒரே புதிர்வழிக்குள் மாறி மாறி அறைகள் சேர்க்கும் பகுதி, காதல் என்ற சொல்லே தேவைப்படாத காதல். அதற்குப் பிறகு வரும் முத்தக் காட்சியில் விளக்குகள் நடுங்குவது கொஞ்சம் அதிகப்படி.

வாசிக்கும் முறை பற்றி. ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பின் கீழும் ஊரும் மாதமும் வருடமும் இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு குழம்புகிறார்கள். கதை இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. முதன்மைக் கதை 1873இலிருந்து நகர, மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊர்ப் பையன் பெய்லியின் கதை 1897இல் தொடங்கி முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில்தான் இரண்டும் சேரும். ஒரு துண்டுத் தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து இடப்பக்கம் சீலியா, மார்கோ தேதிகள், வலப்பக்கம் பெய்லியின் தேதிகள் என்று எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே செருகிவையுங்கள். திறப்பு விழா இரவில் பிறக்கும் இரட்டையரின் வயதைப் பார்த்தாலும் வருடம் பிடிபடும். பையன் நள்ளிரவுக்குச் சற்று முன்பும் பெண் சற்றுப் பின்பும் பிறந்தவர்கள். தேதியே இல்லாமல் 'நீங்கள்' என்று உங்களையே நுழைவாயிலில் நிறுத்தும் சிறு பக்கங்கள் இடையிடையே வரும். அவற்றைக் கதைக்குள் பொருத்தப் பார்க்க வேண்டாம். ஆனால் தாண்டியும் போகாதீர்கள், மொத்த நூலில் செதுக்கலான நடை அங்கேதான்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து படிவம் நான்கில் (பதினாறு வயது வகுப்பில்) ஆங்கில வாசிப்பைக் கூட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா? வரும். முழுவதும் நிகழ்காலத்தில், பெரும்பாலும் சின்ன அத்தியாயங்களாக ஓடுவதால் மூச்சு முட்டாது. இடறுவது துணி, கட்டடம், கடிகார உறுப்பு ஆகியவற்றின் பெயர்கள்தான். அவற்றுக்கு அகராதியைப் புரட்டாமல் ஓடிவிடலாம், கதை கெடாது. எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் கட்டுரைக்கு வர்ணனை கற்க வேண்டுமானால் கூடாரப் பக்கங்களில் ஒன்றை எடுத்து எந்தப் புலனில் தொடங்கி எதில் முடிக்கிறார் என்று கோடிட்டுப் பார்க்கலாம். மணம்தான் பல இடங்களில் முந்தி வரும், காய்ச்சிய சர்க்கரையும் புகையும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை: தாயின் தற்கொலை தொடக்கத்திலேயே பேசப்படுகிறது, குழந்தைக்கு இழைக்கும் கொடுமை நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஒரு கொலை உண்டு, நள்ளிரவு விருந்துகளில் மது ஓடும். படுக்கையறைக் காட்சி மறைபொருளாகத்தான். பன்னிரண்டு வயதுக்குக் கொடுப்பதைவிடப் பதினைந்துக்கு மேல் கொடுப்பது நல்லது.

ஒலிநூலை ஜிம் டேல் வாசித்திருக்கிறார், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். குரல் அருமை. ஆனால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கேட்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தேதி ஒருமுறை காதில் விழுந்து போய்விடும், பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லை. முதல் வாசிப்பு தாளில், இரண்டாவது காதில் என்று வைத்துக்கொண்டால் பெய்லி எந்த வருடத்தில் நிற்கிறான் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருக்காது.