வெளிவாசல் கான்கிரீட்: பாத்தியா, சாக்கா, கியூரிங் காம்பவுண்டா?

கான்கிரீட் இறுகி வலுப்பெறும்வரை அதை ஈரமாகவே வைத்திருப்பதுதான் கியூரிங். அதற்காக மொட்டைமாடித் தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும் என்பதைக் காரைக்குடிப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பழக்கத்தை வெளிவாசலுக்கும் கொண்டுவருவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாசல் தளத்தை மழைநீர் வடிய வாட்டம் கொடுத்துத்தான் போடுகிறோம். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் என்றாலே 5 மீட்டர் தளத்தில் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 5 செ.மீ. வித்தியாசம். இரண்டு விரற்கடை வரப்பில் கீழ்ப்பக்கம் தண்ணீர் ததும்பி வழியும்போது, மேல்பக்கம் வெயிலில் வெளுத்துக் கிடக்கும்.

ஆகவே வாசலுக்கு என் ஓட்டு ஈரச் சாக்குக்குத்தான். அதுவும் சணல் சாக்கு. இப்போது அரிசி வருகிற பிளாஸ்டிக் சாக்கு தண்ணீரைக் குடிக்காது. வெல்லமோ சர்க்கரையோ வந்த சாக்கென்றால் நன்றாக அலசிவிட்டு விரியுங்கள். சர்க்கரை, சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கும். கத்திரி வெயிலில் திறந்து கிடக்கும் சாக்கு மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்து, தளத்தின் ஈரத்தையே உறிஞ்சத் தொடங்கும். நனைத்த சாக்கின்மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி, ஓரங்களில் செங்கல் அடுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. காலையும் மாலையும் தூக்கிப் பார்த்து நனைத்தால் போதும். சாக்கில்லாமல் வெறும் தாளை விரித்தாலும் ஈரம் நிற்கும். ஆனால் சுருக்கம் விழுந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாக நிறம் மாறும். வீட்டின் முகப்பில் அதை யார் பொறுப்பார்கள்?

ஏழு நாள் நனைத்தால் போதும் என்ற பேச்சு சாதாரண சிமெண்டுக்கு உரியது. இப்போது வீட்டு வேலைக்குப் பரவலாக வாங்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. வறண்ட வெயில் காலமென்றால் எந்த சிமெண்டுக்கும் 10 நாளுக்குக் குறையக்கூடாது.

கத்திரிக்குப் பயப்படுகிறவர்கள் ஆடிக் காற்றை அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். அடியிலிருந்து கசிந்து மேலே வரும் நீரைவிட வேகமாகக் காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டால், தளம் இறுகும் முன்பே மயிரிழை வெடிப்பு விழும். பச்சைத் தளத்தின்மேல் சாக்கு விரிக்க முடியாது. காற்று வரும் பக்கம் கீற்றுத் தட்டி கட்டுவதும், மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் பனிபோல நீர் தெளிப்பதும்தான் அந்த நேரத்துக்கு வழி.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மேகமூட்டமே பாதி கியூரிங்கைப் பார்த்துக்கொள்ளும்; சிக்கல் எல்லாம் மேல்பூச்சில். தூறலில் நனைந்த தளத்தின்மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவிக் கரண்டியால் தேய்த்துவிட்டால், அன்றைக்குப் பளபளக்கும். பின்னால் மேல்தோல் உரிந்து தூசியாக வரும். தேங்கிய நீரை மட்டக்கட்டையால் ஓரத்துக்கு இழுத்துத் தள்ளிவிட்டு, மினுமினுப்பு அடங்கும்வரை காத்திருப்பதுதான் சரி. கொத்தனார் அவசரப்பட்டால் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

பிறகு, வழவழப்பா சொரசொரப்பா? ஆத்தங்குடிக் கல்லில் நடந்து பழகியவர்கள் வாசலிலும் அந்த வழவழப்பைக் கேட்கிறார்கள். மழை நனையும் இடத்தில் அது வழுக்கும். மணியாசுக் கட்டையால் (தளத்தைத் தேய்க்கும் மரப்பலகை) தேய்த்து, நடைக்குக் குறுக்காக விளக்குமாற்றால் ஒரே சீராகக் கீறிவிடுவது எனக்குப் பிடித்தது; கூலியும் குறைவு.

இனி காம்பவுண்ட், அதாவது ஈரம் வெளியேறாதபடி தளத்தின்மேல் படலமாகப் படிய அடிக்கும் கியூரிங் திரவம். இங்கே பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டித்தான் கிடக்கின்றன. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், இரண்டு வாரம் தண்ணீர் காட்ட ஆள் இருக்காது. அப்படிப்பட்ட வாசலுக்குச் சாக்கைவிட இது மேல். மேலே நிற்கும் ஈரப்பளபளப்பு மறைந்தவுடன், நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை விடுபடாமல் அடிக்க வேண்டும். பின்னாளில் கல் பதிக்கவோ பெயிண்ட் அடிக்கவோ எண்ணமிருந்தால் மட்டும் இதைத் தொடாதீர்கள். அந்தப் படலத்தைச் சுரண்டி எடுக்காமல் எதுவும் பிடிக்காது.