வாரண்டியா, கேரண்டியா?

மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். கேரண்டி என்றால் புதிதாக மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் பழுதுபார்த்துத் தருவார்கள் என்பது நம் ஊர்க் கணக்கு. பிறப்பில் இரண்டும் ஒரே சொல்!

பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பிரெஞ்சுக்குள் வந்த சொல் அது. பாரிஸ் பக்கத்துப் பேச்சில் முதலெழுத்தான ‘வ’ மெல்ல மெல்லக் ககர ஒலியாக மாறியது. வடக்கே நார்மண்டியில் அப்படியே நின்றது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் பேச்சோடு ‘வ’கர வடிவம் ஆங்கிலத்துக்குள் போனது. ககர வடிவம் சில நூற்றாண்டுகள் கழித்தே வந்து சேர்ந்தது. வார்டன், கார்டியன் இரண்டும் இதே போன்ற இரட்டையர்தாம். இங்கிலாந்தை வென்ற அந்த நார்மானியத் தலைவனின் பெயரையே பாருங்கள்: ஆங்கிலத்தில் வில்லியம், பிரெஞ்சில் கியோம்.

எனக்கு வாரண்டியின் வரலாறுதான் பெரிதாகப்படுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் அது நிலத்தைப் பற்றிய வாக்குறுதி. நிலத்தை வாங்கியவரிடம் வேறொருவர் உரிமை கோரி வந்தால், கொடுத்தவர் வந்து வழக்காட வேண்டும். தோற்றால் ஈடாக அதே மதிப்புள்ள வேறு நிலம் தர வேண்டும். எவ்வளவு கனமான சொல்!

இந்தியச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாரண்டி என்பது ஒப்பந்தத்தின் முக்கிய நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் ஒரு வாக்குறுதி. அது மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். பொருளைத் திருப்பித் தள்ள முடியாது. கேரண்டிக்கோ 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவு: ஒருவர் கடனைக் கட்டத் தவறினால் நான் கட்டுகிறேன் என்ற உறுதி. நண்பரின் வங்கிக் கடனுக்குக் கையெழுத்திடுகிறோமே, அதுதான். கடைக்காரர் சொல்லும் ‘மாற்றித் தரும்’ கணக்கு அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.